சிறுதேர்ப் படலம்: குழந்தை வண்டி புதிதா, கைமாறியதா என்னும் ஆராய்ச்சி

தோற்றுவாய்

தொல்காப்பியர் காலம் எது, திருவள்ளுவர் எந்த ஊர்க்காரர் என்பன போன்ற வினாக்களுக்கு அறிஞர்கள் வண்டி வண்டியாக எழுதியிருக்கிறார்கள். வண்டியைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியைப் புதிதாக வாங்குவதா, பிறர் பிள்ளை உட்கார்ந்து எழுந்ததை வாங்குவதா என்ற கேள்வி சென்னையில் பல வீடுகளின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்து வருகிறது. எங்கள் வீட்டில் அது மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரத்தில் மூன்று மதங்கள் தோன்றின.

ஒன்று, புதுமை மதம். இதை நிறுவியவர் என் மனைவி. "முதல் குழந்தைக்கே பழசா?" என்பது இம்மதத்தின் மூல மந்திரம். இரண்டு, கைமாற்று மதம். இதற்கு ஆசிரியரும் மாணவரும் நானே. மூன்று, இடுப்பு மதம். இதன் பீடாதிபதி என் மாமியார். "கடவுள் இடுப்பை எதுக்கு மாப்பிள்ளை படைச்சான்?" என்ற ஒரே கேள்வியில் மற்ற இரு மதங்களையும் கண்டித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

சொல்லாராய்ச்சி

முதற்கண், பொருளின் பெயரைத் துணிவோம். 'தள்ளுவண்டி' என்ற அழகிய தமிழ்ச்சொல் கைவசம் உள்ளது. ஆனால் அது ஏற்கெனவே குடியிருப்பு உள்ள வீடு. "தள்ளுவண்டி வாங்கப் போகிறேன்" என்று கீழ்வீட்டு மாமாவிடம் சொன்னபோது அவர் பதறிவிட்டார். "வேலை போயிடுச்சா தம்பி? இட்லியா, பழமா?" என்றார். பழைய தலைமுறை 'பெராம்புலேட்டர்' என்று முழுப் பெயரிட்டு அழைத்தது; அடுத்தது 'பிராம்' என்று வாலை வெட்டியது; இன்றையது 'ஸ்ட்ரோலர்' என்கிறது. இக்கட்டுரையில் 'குழந்தை வண்டி' என்றே கொள்க.

'செகண்ட் ஹேண்ட்' என்பதற்கும் கவனம் தேவை. அதைச் சுருக்கி 'செகண்ட்ஸ்' என்று சொல்லிவிட்டால் பொருள் தலைகீழாகும். செகண்ட்ஸ் என்பது தொழிற்சாலையிலேயே பழுதுபட்டது, யாரும் பயன்படுத்தாதது. செகண்ட் ஹேண்ட் என்பது பழுதில்லாமல் பிறந்து, ஒருவர் கையில் வாழ்ந்து, அடுத்த கைக்கு வருவது. முன்னது பிறவிக் குறை, பின்னது மறுமணம். இரண்டையும் குழப்பியே புதுமை மதத்தார் பாதி வாதங்களை எழுப்புகிறார்கள்.

இலக்கியச் சான்றுகள்

சங்க காலத்தில் குழந்தை வண்டி இருந்ததா எனின், இருந்தது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காயவைத்த நெல்லைக் கொத்த வரும் கோழியைத் தம் காதுக் குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் கனத்த குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குக் குறுக்கே கிடந்து வழியை மறிக்கிறது. அன்றைய தமிழ்நாட்டில் நடைபாதைத் தடை என்பது தங்கம். இன்று அதே தடை மின்பெட்டியாகவும், பெயர்ந்த சிமென்ட் பலகையாகவும், மூன்று புல்லட்டுகளாகவும் நிற்கிறது. தடை மட்டும் அன்றுதொட்டு இன்றுவரை உண்டு என்க.

ஈண்டு ஒரு நுட்பம். அந்தச் சிறுதேரைக் குழந்தைதான் உருட்டுகிறது. தேர் குழந்தையை உருட்டவில்லை. நம் மரச் சாமானான நடைவண்டியும் அப்படியே. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குக் கடைசிப் பருவமாகச் சிறுதேர் வைத்த புலவர்கள், அதைக் குழந்தை உருட்டி விளையாடும் பொருளாகவே வைத்தார்கள். பெண்பாலுக்கு அதுவும் இல்லை. கடைசிப் பருவம் ஊசல். பெண் குழந்தை ஆடலாம், வண்டி ஓட்டக் கூடாது என்பது புலவர் கருத்துப் போலும். இந்தக் கருத்து என் மகளிடம் என்ன பாடு பட்டது என்பது பின்னர்க் காட்டப்படும்.

இனி, கைமாறிய வாகனத்துக்குச் சான்று. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அறியாதார் இலர். அத்தேர் புதியதா, பழையதா? காட்டு வழியில் பாரி அதில் ஏறி வந்தான், வழியில் கொழுகொம்பின்றித் தவித்த முல்லையைக் கண்டான், இறங்கினான், கொடுத்தான். ஆகவே அது ஏறி ஓட்டிய தேர் என்பது வெளிப்படை. தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடும் கொடை, ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி. முல்லையின் தாய் "என் பிள்ளைக்குப் பழசா?" என்று கேட்டதாக எந்தப் பாடலிலும் இல்லை.

வழக்குச் சான்று இதனினும் வலிது. பிறந்த குழந்தையை நாம் எதில் கிடத்துகிறோம்? தாத்தாவின் பழைய வேட்டியில். ஏன்? நூறு சலவை கண்ட துணிதான் தோலை உறுத்தாது. முதல் சட்டை எது? நல்லபடியாக வளரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு வாங்கிய பழைய சட்டை. தூளி எது? பாட்டியின் நைந்த நூல் சேலை. தொட்டில் எது? மூன்று வீடு சுற்றி வந்த 'ராசியான' தொட்டில். குழந்தை படுப்பது, உடுப்பது, ஆடுவது எல்லாம் பழையதாக இருக்க, அது உருள்வது மட்டும் புதியதாக இருக்க வேண்டும் என்பது எந்த நூலின் விதி?

மேல்நாட்டார் கொள்கை

இங்கிலாந்தில் 1733 வாக்கில் வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர், டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்குச் சங்கு வடிவில் ஒரு வண்டி செய்துகொடுத்தார். அதைத் தள்ளக் கைப்பிடி கிடையாது. ஆடோ குட்டைக் குதிரையோ இழுக்கும். பெற்றோர் தள்ளும் வழக்கம் பின்னர் வந்தது. குழந்தை வண்டியின் வரலாறு என்பது, ஆட்டின் வேலை படிப்படியாகத் தகப்பனுக்கு வந்த வரலாறு.

1965-இல் ஓவன் மக்லாரன் என்னும் விமானப் பொறியாளர், குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கரங்கள் இறங்கி மடங்கும் அமைப்பில் வேலை பார்த்தவர் அவர். பேரக்குழந்தையின் கனத்த வண்டியோடு தம் வீட்டார் படும் பாட்டைப் பார்த்து, மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் இதைச் செய்தார். ஆக, குழந்தை வண்டியை மடக்க முடியாமல் திணறும் தகப்பன் வெட்கப்படத் தேவையில்லை. அவன் கையில் இருப்பது போர்விமானத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

இந்த மடிப்பைத் தண்டியலங்காரம் முன்பே வகுத்துவிட்டது என்பது என் துணிபு. அதில் 'மடக்கு' என்றோர் அணி உண்டு: ஒரே சொல் மறுபடி வரும், வேறு பொருள் தரும். கடையில் விற்பனையாளர் ஒரு கையால் மடக்கிக் காட்டுவது முதல் மடக்கு. அதே மடக்கு வீட்டில், ஆட்டோ காத்திருக்கும்போது, வேறு பொருள் தருகிறது.

பொருளியல் ஆய்வு

கைமாற்று மதத்துக்கு மிகப் பெரிய எதிரி ஜார்ஜ் ஆக்கர்லாஃப். 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. சாரம் இது: காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைப்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும்.

கேட்க அச்சமாக இருக்கிறது. ஆயினும் இக்கொள்கை குழந்தை வண்டிக்குப் பொருந்தாது. என்னை எனின், கூறுதும். காரை ஒருவன் ஏன் விற்கிறான் என்பது மறைபொருள். குழந்தை வண்டியை ஏன் விற்கிறான் என்பது வெளிப்படை: அந்தக் காரணம் இரண்டு காலில் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி கெட்டதால் விற்கவில்லை. பிள்ளை வளர்ந்ததால் விற்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவனும் விற்றே ஆக வேண்டும், அல்லது பரணில் ஏற்ற வேண்டும். எனவே செய்ய வேண்டியது ஒன்றே. வண்டியைப் பார்க்குமுன் விற்பவரின் குழந்தையைப் பாருங்கள். குழந்தை பெரிதாகவும் வண்டி சிறிதாகவும் இருந்தால் நம்பலாம். குழந்தை இன்னும் உட்காரும் பருவத்தில் இருக்க, வண்டி விலைக்கு வந்தால், அங்கே ஆக்கர்லாஃப் ஒளிந்திருக்கிறார், திரும்பி வந்துவிடுங்கள்.

கள ஆய்வு

புதியது கடையில் 11,000 ரூபாய். அதே வகை, அண்ணா நகரில் ஒரு வீட்டில் 3,500. ஞாயிறு காலை குடும்பத்தோடு போனோம். மாமியார் இடுப்பில் குழந்தை.

கதவைத் திறந்த மூன்று வயதுப் பையனைக் கண்டதுமே எனக்குப் பாதி திருப்தி. முழங்கால் வண்டியின் கைப்பிடிக்கு வரும்போல இருந்தான். வண்டி பளபளவென்று நின்றது. "எத்தனை தடவை வெளிய எடுத்திருப்பீங்க?" என்றேன். அந்த வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். "எலியட்ஸ் பீச்சுக்கு ரெண்டு தடவை, பாண்டி பஜார் நடைபாதை போட்டிருக்காங்களேன்னு ஒரு தடவை, மாலுக்கு மூணு தடவை இருக்கும் சார்." ஆக ஆறு. தெருவில் தள்ள இடமில்லாத ஊரில் பழைய வண்டி என்பது பழகாத வண்டி என்ற பேருண்மை அங்கே எனக்குப் புலப்பட்டது.

தள்ளிப் பார்க்கலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன். மாமியார் குரல் உயர்ந்தது. "வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது, வெறும் வண்டியைத் தள்ளலாமா? விடுங்க மாப்பிள்ளை!" பேத்தியை உட்கார்த்தவும் அவர் சம்மதிக்கவில்லை, சோதனைக்கு என் பேத்திதான் கிடைத்தாளா என்றார். அந்த வீட்டம்மா சமயோசிதமாகச் சமையலறையிலிருந்து ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையைக் கொண்டுவந்து இருக்கையில் வைத்தார். நான் அதற்குத் தோளிரண்டு, இடுப்பிரண்டு, கவட்டை ஒன்று என ஐந்து முனைப் பட்டையையும் மாட்டினேன். கார் நிறுத்தத்துச் சரிவில் இறக்கிப் பிரேக்கை மிதித்தேன். அரிசி அசையாமல் நின்றது. காவலாளி மட்டும் எழுந்து நின்று பார்த்தார்.

பிறகு இருக்கைத் துணியைக் கழற்றி உதறினேன். விழுந்தவை: பாதி மாரி பிஸ்கட், ஒரு தேன்குழல் துண்டு, ஒரு சின்னச் செருப்பின் வார், ஓர் எறும்பு. எறும்பு உயிரோடு இருந்தது. மனைவி முகம் மாறியது. அந்தப் பையன் ஓடிவந்து தேன்குழல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்துச் சிரித்ததில் மனைவியின் புதுமை மதம் ஆட்டம் கண்டது.

மறுப்பும் உடன்பாடும்

புதுமை மதத்தார் கூற்றில் உண்மையே இல்லை என்பது நம் வாதமன்று. 2009-இல் அமெரிக்காவில், அதே மக்லாரன் பெயர் தாங்கிய வண்டிகள் சுமார் 10 லட்சம் திரும்பப் பெறுதல் அறிவிப்புக்கு உள்ளாயின. மடங்கும் கீலில் குழந்தைகளின் விரல்நுனி சிக்கித் துண்டானதே காரணம். கீலுக்கு மூடி இலவசமாகத் தரப்பட்டது. இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், புதிதாக வாங்கிப் பதிவு செய்தவருக்குச் சேதி போகும். கைமாற்றில் வாங்கியவருக்குப் போகாது. ஆகையால் பழையதை வாங்குவோர் வண்டியின் அடியில் ஒட்டியுள்ள மாடல் பெயரையும் எண்ணையும் படித்துத் தேடிப் பார்க்க வேண்டும். கீலை விரித்து மடக்கும்போது குழந்தை எட்ட நிற்க வேண்டும். பூட்டு 'டக்' என்று விழ வேண்டும். பட்டை நைந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு, முழுக்கச் சாயும் இருக்கை இல்லாத வண்டி புதியதானாலும் ஆகாது. சக்கரம் கீச்சிட்டால் பயப்பட வேண்டாம். துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

முடிவு

3,500-க்குப் பேசி, 3,200-க்கு முடித்தோம். அரிசிப் பையை மறக்காமல் திருப்பிக் கொடுத்தோம். மிச்சமான 7,800 ரூபாய் எங்கே போயிற்று என்று ஆய்ந்ததில் தடயம் எதுவும் கிட்டவில்லை.

மகள் அதில் ஒன்பது முறை உட்கார்ந்தாள். முந்தையவர் சாதனையை மூன்றால் முறியடித்தோம். பிறகு ஒருநாள் பட்டையை மாட்டும்போது வில்லாக வளைந்து கத்தி, கீழே இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளத் தொடங்கினாள். இன்று இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் சொகுசாகப் பட்டை மாட்டி உட்கார்ந்து வர, ஒன்றரை வயதுக்காரி தாழ்வாரம் முழுக்க அதை உருட்டிப் போகிறாள். நான் கைகொடுத்தால் தட்டிவிடுகிறாள். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பெண்பாலுக்கு மறுத்த சிறுதேர்ப் பருவத்தை அவளே எடுத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "இதுக்குத்தான் நடைவண்டியே வாங்கிருக்கலாம், முந்நூறு ரூபா" என்று இடுப்பு மதத்தின் இறுதித் தீர்ப்பை வழங்கினார்.

ஆகவே கைமாறியதே கொள்ளத்தக்கது என்பது முடிந்த முடிபு.

ஐயமுள்ளோர் நேரில் வந்து ஆராயலாம். வண்டி விற்பனைக்கு உள்ளது, விலை 3,000. வளர்ந்த குழந்தையை அருகிலேயே நிறுத்திவைக்கிறேன். அரிசி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.