ஓர் எழுத்துக்கு ஒன்பது நிமிடம்

கே: பொழுதுபோக்காக ஒலிபரப்பும் ஹாம் ரேடியோக்காரர்கள் ‘லோ பேண்ட்’ என்கிறார்களே, தரத்தில் கீழா? (தேனி வாசகர்)

ப: அதிர்வெண்ணில்தான் கீழே, மதிப்பில் மேலே. 160 மீட்டர் பட்டைக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயரே ‘டாப் பேண்ட்’. அதற்கும் கீழே இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று 472 முதல் 479 கிலோ ஹெர்ட்ஸ் வரை. அலைநீளம் 630 மீட்டர். இன்னொன்று 135.7 முதல் 137.8 வரை, அலைநீளம் 2200 மீட்டர். திருச்சி வானொலி 936-ல் இருக்கிறது. அங்கிருந்து முள்ளைக் கீழ்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போனால் டயல் முடிந்துவிடும். முடிந்த இடத்துக்கு அப்பால்தான் இந்த இரண்டும்.

கே: செல்போனில் முகம் பார்த்தே அமெரிக்காவோடு பேசுகிறோம். இந்தப் பாடு எதற்கு? (மதுரை)

ப: விஞ்ச் இருந்தும் பழநியில் படியேறுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். செல்போன் பேச்சு யார் யாரோ நட்ட கோபுரங்கள், யார் யாரோ கடலடியில் போட்ட கேபிள்கள் வழியே போகிறது. இங்கே உங்கள் கம்பி, எதிராளியின் கம்பி, நடுவில் வானம். வேறு யாரும் கிடையாது.

கே: மொட்டை மாடியில் ஒரு கம்பி கட்டினால் 137 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிபரப்ப முடியாதா? (ஈரோடு)

ப: கட்டலாம். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஒழுங்கான கால் அலை ஆன்டெனா வேண்டுமென்றால் ஏறக்குறைய 550 மீட்டர் உயரம் வேண்டும். நம்மால் முடிவது 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்குதான். மண்ணும் சுற்றியுள்ள மரங்களும் கம்பியோடு இணைக்கும் சுருளும் சேர்ந்து தின்கிற தடை 50 ஓம் வரும். ஆக, நீங்கள் ஊட்டுகிற ஆயிரத்தில் ஒரு பங்குதான் வானத்துக்குப் போகிறது; மிச்சமெல்லாம் மண்ணைச் சூடாக்குகிறது. 500 வாட் கொடுத்தால் அரை வாட்!

இதையும் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கம்பி குட்டையாக இருப்பதால் அதைச் சரிக்கட்டப் பெரிய கம்பிச் சுருள் வேண்டும். ஐரோப்பாவில் பலர் இதை பிளாஸ்டிக் வாளி மேல் சுற்றுகிறார்கள். கம்பியின் உச்சியில் பக்கவாட்டுக் கம்பிகளை விரித்துக் கட்டுகிறார்கள். மண்ணில் எர்த் கம்பிகளைச் சிலந்தி வலைபோலப் புதைக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த 500 வாட்டில் கம்பி மேல் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில் கட்டிவிடாதீர்கள்; குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. இன்னொன்று: உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் பட்டையில் மட்டும்தான் ஒலிபரப்பலாம்.

கே: அரை வாட்டை வைத்துக்கொண்டு கடல் கடக்கிறார்கள் என்பது மிகையா? (தூத்துக்குடி வாசகி)

ப: மிகையே இல்லை. 137-ல் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கில் என்னைக் கட்டிப்போட்ட விஷயமே இதுதான்: சக்தி இல்லாதவன் நேரத்தைக் கொடுக்கிறான்.

சாதாரண மோர்ஸில் ஒரு புள்ளி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நீளம். அதை 3 விநாடிக்கு நீட்டுங்கள். வேகம் முப்பதில் ஒன்றாகிறது. சிக்னல் பிடிக்கும் இடமும் முப்பதில் ஒன்றாகச் சுருங்குகிறது. கேட்பவர் அந்தக் குறுகிய சந்தை மட்டும் பார்த்தால் போதும். வாசல் சிறியதானால் உள்ளே வரும் இரைச்சலும் முப்பதில் ஒன்றுதான். அதிலும் கேட்கவில்லையா? புள்ளியை 10 விநாடியாக்கு, 60 விநாடியாக்கு.

இந்திய அழைப்புக் குறிகள் வி, யூ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். வி என்றால் மூன்று புள்ளி, ஒரு கோடு. புள்ளிக்கு ஒரு நிமிடம், கோட்டுக்கு மூன்று நிமிடம், இடைவெளிகளுக்கு மூன்று நிமிடம். ஆக ஓர் எழுத்துக்கு ஒன்பது நிமிடம். பிறகு மூன்று நிமிட மௌனம், யூவுக்கு ஏழு நிமிடம். இரண்டு எழுத்து முடிய 19 நிமிடம். காதால் இதைக் கேட்க முடியாது. கணினித் திரையில் இரைச்சலெல்லாம் புள்ளிப் புள்ளியாகத் தூவிக் கிடக்க, நடுவே ஒரு மெல்லிய கோடு வளரும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கோடு நின்று, இடைவெளி விட்டு, மறுபடி தொடங்குவதைப் பார்ப்பவருக்குத் தூக்கம் எங்கே வரும்!

கே: இதில் நோபல் பரிசு பெற்றவர் ஒருவர் இருக்கிறாராமே? (சிதம்பரம்)

ப: ஜோ டெய்லர். இரட்டை நட்சத்திர அமைப்பில் துடிக்கும் ஒரு பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993-ல் ரஸ்ஸல் ஹல்ஸோடு இயற்பியல் பரிசு பெற்றவர். பல்சர் ஆய்வு என்றாலே இரைச்சலுக்குள் புதைந்த சன்னமான துடிப்பைத் தேடி எடுப்பதுதான். அந்தக் கைப்பழக்கத்தை அவர் ஹாம்களுக்கும் கொடுத்தார். 2008-ல் வெளியிட்ட ‘விஸ்பர்’ என்ற முறையில், அழைப்புக் குறி, இருக்கும் இடம், சக்தி ஆகிய மூன்றையும் சொல்ல இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எடுத்துக்கொள்ளும் அகலம் 6 ஹெர்ட்ஸ். காதுக்கு வெறும் இரைச்சலாகப் படுவதிலிருந்து கணினி பெயரைப் படித்துச் சொல்லிவிடும். விஸ்பர் என்றால் கிசுகிசு. பொருத்தமான பெயர்.

கே: ராத்திரியில்தான் தூரம் போகுமா? (நாகர்கோவில்)

ப: 160, 630 மீட்டர்களில் ஆமாம். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் உண்டாக்கும் ‘டி’ அடுக்கு அலையை விழுங்கிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைந்து, மேலடுக்கு அலையைத் திருப்பி அனுப்பும். ராத்திரி மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து குவியுமே, அதே கதை. நமக்கு எதிரி இடி. மின்னல் தரும் கரகரப்பு தாழ் அதிர்வெண்ணில்தான் மிகுதி. சித்திரை, ஐப்பசியை விட்டுவிட்டுத் தை மாத ராத்திரியில் உட்காருங்கள்.

கே: என் ரேடியோவில் எந்த மாதமும் கரகரப்புதான். (கோவை)

ப: அது வானம் இல்லை, உங்கள் வீடு. பேட்டரியில் ஓடும் ரேடியோவை வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். அமைதியானால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்இடி பல்பு, மலிவு சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றில் ஒன்று மாட்டும்.

கே: அமெரிக்காவில் மின் கம்பிக்கும் ஹாம்களுக்கும் என்ன வழக்கு?

ப: உயரழுத்தக் கம்பிகள் வழியாகவே மின் நிறுவனங்கள் கட்டுப்பாட்டுச் சிக்னல்களை அனுப்புகின்றன, அவையும் இதே அதிர்வெண் பகுதியில். அதனால் அங்கே ஹாம்கள் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். அத்தகைய கம்பியிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

கே: இந்தப் பட்டைகள் எப்போது கிடைத்தன? (திருவாரூர் ஆசிரியர்)

ப: இதில் ஒரு வட்டம் இருக்கிறது ஐயா. 1912-ல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை, அதாவது ஹாம்களை, 200 மீட்டர் அலைநீளத்துக்குக் கீழே தள்ளியது. நீண்ட அலைதான் உயர்ந்தது, குட்டை அலை உதவாது என்று அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். உதவாது என்று கொடுத்த நிலத்தில்தான் இவர்கள் பொன் எடுத்தார்கள். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு, குளிரில் உட்கார்ந்து, தன் நாட்டு அமெச்சூர்களின் சிக்னல்களைக் கேட்டார். 1923-ல் 100 மீட்டரையொட்டிய அலையில் பிரான்சும் அமெரிக்காவும் இருவழியாகப் பேசின. உடனே உலகமே சிற்றலைக்கு ஓடியது.

2007 உலக வானொலி மாநாடு 2200 மீட்டரையும், 2012 மாநாடு 630 மீட்டரையும் அமெச்சூர்களுக்கு ஒதுக்கின. அமெரிக்கா கதவைத் திறந்தது 2017-ல். 105 ஆண்டு கழித்துப் பழைய வீட்டுக்குள் கால் வைத்தார்கள்.

630-க்குப் பக்கத்து வீடு எது தெரியுமா? 500 கிலோ ஹெர்ட்ஸ், கப்பல்களின் ஆபத்து அழைப்பு அலை. கப்பலின் வானொலி அறைக் கடிகாரத்தில் 15 முதல் 18 வரையும் 45 முதல் 48 வரையும் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். மணிக்கு இருமுறை அந்த மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது. எங்கோ மூழ்குகிறவனின் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக உலகத்துக் கப்பலெல்லாம் வாய் மூடியிருந்தது. 1999-ல் செயற்கைக்கோள் முறை முழுதாக வந்தபின் அந்த வழக்கம் நின்றது. மனிதர் சேர்ந்து கடைப்பிடித்த மௌனங்களில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன்.

கே: நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? (திருநெல்வேலி)

ப: உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. 18.2 கிலோ ஹெர்ட்ஸில் அலை உப்புநீருக்குள்ளும் சில மீட்டர் இறங்கும். சூரியனில் வெடிப்பு ஏற்பட்டால் ‘டி’ அடுக்கு மாறி இத்தகைய சிக்னல்களின் பலம் சட்டென்று மாறும். அதை வைத்தே சூரியனைக் கவனிக்கும் அமெச்சூர்கள் உலகெங்கும் உண்டு.

கே: உரிமம் இல்லாத மாணவி நான். எங்கிருந்து தொடங்கலாம்? (மார்த்தாண்டம்)

ப: கேட்பதிலிருந்து, அம்மா. ஸ்வீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1924-ல் கட்டிய நிலையம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 127 மீட்டர் கோபுரங்கள் ஆறு. டிரான்சிஸ்டரும் இல்லை, வால்வும் இல்லை. பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று சுழன்று 17.2 கிலோ ஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும், ஜூலைத் தொடக்கத்தையொட்டிய ஒரு ஞாயிறும் அதை முடுக்கி மோர்ஸில் வாழ்த்து அனுப்புவது வழக்கம்.

ஐரோப்பாவில் பலர் இதைக் கணினியின் மைக் துளையில் கம்பிச் சுற்று ஒன்றை மாட்டியே பிடிக்கிறார்கள். 17.2 என்பது கணினியின் ஒலி அட்டைக்கு எட்டுகிற அதிர்வெண்தான். நம் தூரத்துக்குக் கிடைக்குமா என்பது அன்றைய வானத்தைப் பொறுத்தது. அழைப்புக் குறி எஸ்.ஏ.க்யூ. மூன்று புள்ளி; புள்ளி, கோடு; கோடு, கோடு, புள்ளி, கோடு. இதை மேசையில் விரலால் தட்டிப் பழகி வையுங்கள்.