கலர் வர ஒரு வருஷம் ஆகும்

ரெயின்போ மீன் என்று கடைக்காரர் கைகாட்டும் தொட்டியில் ரெயின்போ எதுவும் தென்படாது. இரண்டு அங்குல நீளத்தில், தேய்ந்துபோன எவர்சில்வர் ஸ்பூனின் நிறத்தில் இருபது முப்பது குஞ்சுகள் இங்குமங்கும் அலைந்துகொண்டிருக்கும். பக்கத்துத் தொட்டிகளில் கப்பியும் கார்டினல் டெட்ராவும் மினுங்கும்போது இவற்றை வாங்கிப் போகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, விவரம் தெரிந்தவர்கள். மற்றது, சில்லறை பாக்கிக்குப் பதிலாக மீனை வாங்கிக்கொண்டவர்கள். இரு தரப்புக்கும் கிடைப்பது ஒரே மீன்தான். அது முழு நிறத்துக்கு வர ஒரு வருஷமாவது ஆகும்; பெரிய இனங்களுக்கு இன்னும் கூட ஆகும். அதுவரை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "போகப் போகக் கலர் வரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பது வளர்ப்பவரின் கடமை. யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது மாதத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

மெலனோட்டீனிடே என்பது இந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயர். ஆஸ்திரேலியாவும் நியூகினியும் அவற்றையொட்டிய தீவுகளும் சொந்த ஊர். முதுகில் இரண்டு துடுப்புகள் இருக்கும். முன்னது சிறியது, பின்னது நீளமானது. மடகாஸ்கர் ரெயின்போ, செலிபீஸ் ரெயின்போ என்றும் சில மீன்கள் விற்பனைக்கு வருகின்றன. அவை வேறு குடும்பங்கள், பெயரில் மட்டும் பங்காளிகள்.

குடும்பத்தில் பெயர் பெற்றது போசெமானி. வளர்ந்த ஆணுக்கு முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. நடுவில் சமரசமே கிடையாது. நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மரினஸ் போசெமான் 1950களின் நடுவில் நியூகினியின் மேற்குக் கோடியில், அயமாரு ஏரிப் பகுதியில் இதைப் பிடித்து, பதப்படுத்தி ஊருக்குக் கொண்டுபோனார். புட்டியில் கிடக்கும் மீனுக்கு நிறம் நிற்காது. ஆலன், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் அந்த வெளிறிய மாதிரிகளை வைத்துத்தான் புதிய இனம் என்று அறிவித்து, பிடித்தவரின் பெயரையே வைத்தார்கள். பிறகு ஜெரால்ட் ஆலனும் ஜெர்மானியரான ஹைகோ பிளேஹரும் ஏரிக்கே போய் உயிரோடு பிடித்தபோதுதான் அலமாரியில் இத்தனை காலம் இருந்தது என்ன மீன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அருங்காட்சியகம் கால் நூற்றாண்டு வைத்திருந்தும் பார்க்காத நிறத்துக்காக மூன்று மாதத்தில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அவ்வளவு நியாயமில்லை.

போசெமானிக்கு அடுத்து சென்டானி ஏரியின் சிவப்பு ரெயின்போ. வயதாக ஆக ஆணின் முதுகு மேடு தட்டி, தலை சிறுத்துத் தெரியும். அழகு என்று சொல்ல அன்பு வேண்டும். பப்புவா நியூகினியின் குட்டுபு ஏரியிலிருந்து வந்தது நீலப் பச்சை ரெயின்போ. சின்னத் தொட்டிக்காரர்களுக்கு பிரீகாக்ஸ் என்ற குள்ள ரெயின்போ உண்டு. இரண்டரை அங்குலத்தைத் தாண்டாது, உடம்பு நீலமும் துடுப்பு சிவப்புமாக இருக்கும்.

வாங்கும்போது செய்யும் பிழை எல்லோருக்கும் பொதுவானது. சென்னை கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ணமீன் கடைகளில் எதில் நுழைந்தாலும் சரி, கலர் ஏறத் தொடங்கியதாகப் பார்த்துப் பொறுக்கினால் வலைக்குள் வருவது அத்தனையும் ஆண். பெண் மீன் மங்கலாகத்தான் இருக்கும், அதைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்பது வாங்குபவரின் கணக்கு. ஆனால் ஆண் மீன் நிறத்தைச் சிரமப்பட்டு ஏற்றிக்கொள்வது பெண் பார்ப்பதற்காகவும் பக்கத்து ஆண் வயிறெரிவதற்காகவும்தான். பார்க்க ஆளில்லாத வீட்டில் அது மெனக்கெடுவதில்லை. ஆறேழு மீன்களாக வாங்கி, அதில் பாதிக்குக் குறையாமல் பெண் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டி விஷயத்தில் உயரத்தைவிட நீளம் முக்கியம். இவை நாள் முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிற மீன்கள். போசெமானி நாலு அங்குலம் வளரும். அந்த அளவு மீன்களுக்கு நாலடித் தொட்டி வேண்டும். வேலிஸ்னேரியா மாதிரி நீளப் புல்லைப் பின்பக்கத்தில் நெருக்கமாக நட்டு, முன்பக்கத்தைக் காலியாக விட்டால் போதும். அடியில் கருமணல் போட்டால் நிறம் எடுப்பாகத் தெரியும். கடையில் கவர்ச்சியாக இருக்கும் நீலக் கல்லும், வாயைத் திறந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலையும் மீன் கேட்டவை அல்ல.

மூடி அவசியம். ரெயின்போ குதிக்கும். விரட்டும்போது குதிக்கும், விளக்கைச் சட்டென்று போட்டால் குதிக்கும், காரணமில்லாமலும் குதிக்கும். ஃபில்டர் குழாய்க்காக மூடியில் விட்ட இரண்டு விரல் சந்து அதற்குப் போதும். வீட்டில் பூனை இருந்தால் மீன் குறைந்ததே தெரியவராது. இல்லாவிட்டால் எறும்புச் சாரி இடத்தைக் காட்டிவிடும்.

தண்ணீர்தான் இந்த மீன் விஷயத்தில் நம் ஊருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அயமாரு ஏரிகள் சுண்ணாம்புக்கல் பூமியில் இருப்பவை. தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. பருப்பை வேகவிடாமல், வாளியில் வெள்ளைப் பொருக்கு கட்டவைக்கும் போர்த்தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்காத விருந்தாளி ரெயின்போ. உப்புக் கரிக்காமல் இருந்தால் சரி. பிஎச் 7 முதல் 8 வரை, வெப்பம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் அதற்குக் குறையில்லை. இது தெரியாமல் ஆர்ஓ கேனை வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கும் குடும்பத்தார் அந்தக் கேனைப் பார்க்கும் பார்வையை விவரிக்கத் தேவையில்லை.

மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் மருந்து போட்ட பிறகுதான் ஊற்ற வேண்டும். இன்னொன்று, புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலைந்து வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு யோகம் பயின்றவர்களாலும் முடிவதில்லை. பெரும்பாலோர் மூன்றாவது நாளே மீனை விட்டு, பத்தாவது நாள் மறுபடி கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் எதையும் கேட்கமாட்டார், புன்னகையோடு வலையை எடுப்பார். தொட்டி நிலைப்பட்ட பிறகு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் ரெயின்போ வருஷக்கணக்கில் இருக்கும்.

கூட்டுக்குடித்தனத்துக்கு இது தோதான மீன். யாரையும் கடித்து வைக்காது, யாருக்கும் பயப்படவும் செய்யாது. தரையில் மேயும் கோரிடோராஸ், கேரளத்து ஆறுகளின் மிஸ் கேரளா, நடுத்தர அளவு பார்ப் வகைகள் எல்லாம் இதோடு ஒத்துப்போகும். சிக்கல் சாப்பாட்டு நேரத்தில்தான். தீனி நீரைத் தொடுவதற்குள் ரெயின்போ பந்தியை முடித்துவிடும். நூல் மாதிரித் துடுப்பை இழுத்துக்கொண்டு மெதுவாக வரும் ஃபைட்டர் வெறுங்கையோடு திரும்பும். நூல்துடுப்பு ரெயின்போ என்ற சொந்தச் சின்னத் தம்பிக்கே அண்ணன்களோடு சேர்ந்தால் பட்டினிதான்; அதைத் தனியாக வைக்க வேண்டும். குளிர்ந்த நீர் கேட்கும் தங்கமீனும் வேண்டாம். வாஸ்துவுக்காக வாங்கிய ஃப்ளவர்ஹார்ன் இருக்கும் தொட்டியில் ரெயின்போவை விட்டால் ஃப்ளவர்ஹார்னுக்கு மட்டும் யோகம்.

வாய் வெளியே பெரிதாகத் தெரிந்தாலும் தொண்டை ஒடுக்கம். சிறு குருணைத் தீனி, கொசுப்புழு, உறைந்த ரத்தப்புழு, கொஞ்சம் வேகவைத்த கீரை போதும். எப்போது பார்த்தாலும் பசித்த முகம் காட்டும். அதை நம்பிப் போடுகிற பாட்டிகளின் வீட்டு ரெயின்போவுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் வயிறு தள்ளியிருக்கும்.

பார்க்க வேண்டிய நேரம் காலை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஓர் ஆண், பெண்ணுக்கு முன்னால் வந்து நின்று துடுப்புகள் எல்லாவற்றையும் விரிக்கும். வாய் நுனியிலிருந்து முதுகுத் துடுப்பு வரை நெற்றியின் மேல் வெளிர்ப்பட்டை ஒன்று பளிச்சென்று எரியும், ஒரு நொடியில் அணையும், மறுபடி எரியும். பக்கத்து ஆண் தன் பட்டையைப் போட்டுக் காட்ட, இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி நின்று நடுங்கும். அடிதடி அதோடு சரி, செதில்கூட உதிராது. வளர்ப்பவர் அலுவலகத்துக்கு லேட்டாகப் போவதற்கான காரணங்களில் இது முதன்மையானது. மேலாளரிடம் சொல்ல முடியாத காரணமும் இதுவே.

அந்த ஆட்டத்தின் முடிவில் பெண், செடிக்குள் சில முட்டைகளை இடும். மொத்தமாக இடுவதில்லை, நாளுக்குச் சில என்று பல நாள் இடும். முட்டையில் மெல்லிய ஒட்டும் நூல் இருக்கும், அது செடியில் பற்றிக்கொள்ளும். செடிக்குப் பதிலாக உல்லன் நூலைக் கொத்தாகக் கட்டி மிதக்க விடுவதும் வழக்கம். பாதியில் நின்ற ஸ்வெட்டர்கள் பல இப்படிப் பயன்பட்டிருக்கின்றன. முட்டையோடு கொத்தைத் தனித்தொட்டிக்கு மாற்றாவிட்டால் மற்ற மீன்கள் தின்றுவிடும், பெற்றவர்கள் உட்பட. ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். குஞ்சு நீரின் மேல்மட்டத்திலேயே மிதக்கும், கண்ணுக்கு இரண்டு புள்ளிதான் தெரியும். முதல் நாட்களில் நுண்ணுயிர் நிறைந்த பச்சைத் தண்ணீரைத்தான் சாப்பிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரெயின்போ இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். போசெமானியும் நீலப் பச்சையும் ஒரே தொட்டியில் இருந்தால் பிறப்பது இரண்டும் இல்லாத ஒன்று. பெண்களோ எல்லா இனத்திலும் ஒரே சாயல். அந்தக் குஞ்சுகளை "சுத்த போசெமானி" என்று நண்பர்களுக்குக் கொடுப்பவர், அவர்களையும் ஒரு வருஷம் காத்திருக்கவைத்து ஏமாற்றுகிறார். அயமாருவில் ஏற்றுமதிக்காக ஆண் மீன்களை ஆயிரக்கணக்கில் அள்ளியதன் விளைவாகவும் போசெமானி இன்று அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. தொட்டிகளில் இருப்பதாவது கலப்பில்லாமல் இருக்க வேண்டும்.

தொட்டி ஒரு மீனைக் காப்பாற்றியதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஈச்சம் என்ற எரிமலைவாய் ஏரிக்கு உரிய ரெயின்போ இனம் 1982இல் பெயரிடப்பட்டது. சில வருஷங்களில் அது அந்த ஏரியில் ஒன்றுகூட இல்லாமல் போனது. அங்கே இல்லாத வேறு மீன்களை யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள், அவை இவற்றைத் தின்று தீர்த்தன. அப்போது அந்த இனம் மீன் வளர்ப்பவர்களின் தொட்டிகளில் இருந்தது. பின்னர்தான் சுற்றுவட்டார ஓடைகளிலும் இருப்பது தெரியவந்தது.

நம் ஊர் ஏரிகளில் வலை போட்டால் வரும் சக்கர் மீனும் யாரோ ஒருவரின் தொட்டியில் இருந்து போனதுதான். ஆகவே வீடு மாறும்போதோ, ஆசை தீர்ந்தபோதோ ரெயின்போவை ஏரியிலும் தெப்பக்குளத்திலும் விட்டுவிடாதீர்கள். வாங்கிய கடையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். காசு தரமாட்டார்கள், கலர் வந்த மீனாக இருந்தால் ஒரு டீ வாங்கித் தருவார்கள்.