தங்கள் சர்வருக்கு ஒரு பொட்டலம் புற்றுமண்

அனுப்புநர்: பன்னிரண்டு தறி போட்டிருக்கும் ஒரு துண்டுக்காரன், சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்: மின்னஞ்சல் சர்வர் பராமரிப்புப் பிரிவின் தலைவர், ஊரறிந்த ஒரு பெரிய நிறுவனம் (பெயரைப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது), சென்னை.

பொருள்: போய்ச் சேராத பில் ஒன்றும், தவறாமல் வந்து சேரும் டெபிட் நோட்டும் பற்றி.

நாள்: மார்ச் 2

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்துக்குத் தாளில் எதுவும் அனுப்பக்கூடாது, பில் மின்னஞ்சலில் மட்டுமே வரவேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தபாலில் அனுப்புகிறேன். ரிஜிஸ்தர் தபால் போடலாம் என்று போனேன். 2025-லேயே அதை ஸ்பீடு போஸ்ட்டில் சேர்த்தாயிற்று என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. பழைய ஏற்பாட்டை மூடும்போது தேதி போட்டு, மாற்று என்ன என்றும் காட்டிவிட்டு மூடுகிறது தபால் இலாகா. எங்கள் மின்வாரியமும் அப்படித்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் எந்தெந்த ஊருக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். பாவு பிணைக்கிற வேலையை நாங்கள் அன்றைக்கு வைத்துக்கொள்வோம். தங்கள் சர்வரின் பராமரிப்பு அறிவிப்பு எனக்குப் பிப்ரவரி 11-ஆம் தேதி கிடைத்தது. பராமரிப்பு 8-ஆம் தேதி இரவு நடக்கவிருப்பதாக அதில் கண்டிருந்தது.

ஜனவரி 5-ஆம் தேதி திங்கட்கிழமை தங்கள் குடோனில் 2,400 துண்டு இறங்கியது. அன்று சாயங்காலமே பில்லை அனுப்பினேன். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு கடிதம் வந்தது: இன்னும் கொடுக்க முடியவில்லை, முயற்சி தொடர்கிறது. கூடவே 451 என்று ஓர் எண். தென்காசிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகளிடம் காட்டினேன்.

“4-ல ஆரம்பிச்சா ‘இப்ப முடியாது, அப்புறம் வா’ன்னு அர்த்தம் சித்தப்பா. 5-ல ஆரம்பிச்சா ‘இந்தப் பக்கமே வராத’ன்னு அர்த்தம்” என்றாள்.

1982-ல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் எழுதிவைத்த ஒழுங்காம், இன்னும் மாறவில்லை. முன்பின் தெரியாத ஆள் கதவைத் தட்டினால் முதல் தடவை வேண்டுமென்றே 4 சொல்லித் திருப்பி அனுப்பும் முறை ஒன்று உண்டு என்றும் சொன்னாள். பேர் கிரேலிஸ்டிங். குப்பைக் கடிதம் அனுப்புகிறவன் மறுபடி வரமாட்டான், யோக்கியன் வருவான் என்பது கணக்கு. இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டா மாறுதலுக்கு அலைந்தவன் நான். நாளைக்கு வா என்று சொல்லி யோக்கியனைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் ஊர் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே உண்டு.

யோக்கியன் என்று நிரூபிக்க மறுநாளும் அனுப்பினேன். இந்தத் தடவை 552. பெட்டி நிரம்பிவிட்டதாம். பில் வாங்குவதற்கென்றே வைத்த பெட்டி. பணம் கொடுக்காமல் பில்லை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் எந்தப் பெட்டிதான் நிரம்பாது?

ஒரு வாரம் கழித்துப் பெட்டி காலியாயிற்று. அதற்குள் தங்கள் கொள்முதல் பிரிவு துண்டின் கரை, முடிச்சு, நிறம் எல்லாவற்றையும் படமெடுத்து பில்லோடு சேர்த்து அனுப்பச் சொன்னது. 20 எம்பி வந்தது. தங்கள் வரம்பு 25. போகும் என்று நினைத்தேன், போகவில்லை. படத்தை மின்னஞ்சலில் ஏற்றும்போது எழுத்தாக மாற்றித்தான் ஏற்றவேண்டுமாம். மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடும். 20 கிளம்பினால் 27 ஆகிப் போய்ச் சேரும். இது எனக்கு உடனே புரிந்தது. காய்ந்த துண்டை நிறுத்து அனுப்பினேன், தாங்கள் நனைத்து நிறுத்திருக்கிறீர்கள்.

நான்காவது தடவைதான் சாமி குற்றம் ஏதோ என்று நினைக்கவேண்டி வந்தது. 554, சுற்று எண்ணிக்கை மீறிவிட்டது என்று திரும்பியது. அண்ணன் மகள் கடிதத்தின் தலைப்பைப் பிரித்துக் காட்டினாள். தபால் உறையின் பின்பக்கம் விழும் முத்திரைபோல, மெயில் எந்த சர்வரைத் தாண்டினாலும் அதன் தலையில் ஒரு வரி ஏறுமாம். எண்ணினோம். அறுபத்துச் சொச்சம். எல்லாம் தங்கள் இரண்டே சர்வர்கள், மாற்றி மாற்றி. தங்கள் நிறுவனத்தில் பாதிப் பேரின் பெட்டி சென்னை அலுவலகத்து ஏசி அறையில் இருக்கும் பழைய சர்வரில், மீதிப் பேரின் பெட்டி கிளவுடில். கணக்குப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு. அவனிடம் போ என்று இது சொல்ல, இவனிடம் போ என்று அது சொல்ல, என் பில் நடுவில் சுற்றியிருக்கிறது.

பாதி இது, பாதி அது என்பது எங்களுக்குப் புதிதல்ல ஐயா. எங்கள் ஊர் சாமியே வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் திருமால். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் எந்தச் சாமி பெரிது என்று சண்டை போட்டுக்கொள்ள, கோமதி அம்மன் தபசு இருந்து இரண்டையும் ஒரே உருவில் நிறுத்திக் காட்டினாள். அதுதான் ஆடித் தபசு. தங்கள் அலுவலகத்திலும் சங்கன் ஒருவர் பழைய சர்வர் பெரிது என்கிறார், பதுமன் ஒருவர் கிளவுடு பெரிது என்கிறார். அம்மனைத்தான் காணோம். ஆடித் தபசுக்கு 101, 501 என்று நேர்ந்துகொண்டு ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் எங்களிடம் உண்டு. சுற்றி முடித்தால் அவர்களுக்குத் தரிசனம் கிடைக்கும். நூறு முத்திரை வரையாவது பொறுக்கவேண்டும் என்று மின்னஞ்சல் விதியே சொல்கிறதாம், தங்கள் சர்வர் அறுபதிலேயே மயங்கிவிட்டது.

அந்த முத்திரையில் இன்னொன்றையும் அண்ணன் மகள் பார்த்தாள். பழைய சர்வர் தன் பதிப்பு எண்ணை எல்லாக் கடிதத்திலும் தானே போட்டு அனுப்புகிறது, 15.0 என்று தொடங்கி. அப்படியென்றால் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த 2016, 2019 பதிப்புகளுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. தகப்பனும் சித்தப்பன்மாரும் போய்ச் சேர்ந்த பிறகும் தங்கள் வீட்டில் தாத்தாதான் வாசலில் உட்கார்ந்து விருந்தாளிகளை விசாரிக்கிறார்.

நான் துண்டுக்காரன், எனக்குத் தெரிந்த தறியை வைத்துச் சொல்கிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் நாங்கள் தறியை நிறுத்திப் பிணைப்போம். நிறுத்தினால் அன்றைய கஜம் குறையும் என்று சோம்பி ஓட்டினால், அந்த இடைவெளி துண்டின் கடைசி வரை கோடாகப் போகும். அந்தத் துண்டைத் தாங்களே குறைபாடு என்று திருப்பி அனுப்புவீர்கள். “ஓடுகிற சர்வரைத் தொடவேண்டாம் என்பது எங்கள் கொள்கை” என்று தங்கள் உதவி மையத்துத் தம்பி என்னிடம் சொன்னார். எது ஓடுகிறது என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணன் மகள் ஒரு கதை சொன்னாள். 2022 ஜனவரி 1-ஆம் தேதி, புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிற நேரம், உலகம் முழுவதும் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மெயில் வரிசையில் நின்றுவிட்டது. வைரஸ் தேடும் பகுதி தேதியை ஓர் எண்ணாக எழுதிவைத்துக்கொள்ளும்: வருஷம், மாதம், நாள், பின்னால் நாலு இலக்கம். 2201010001. அதை ஊற்றிவைத்த படி கொள்ளும் அளவு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. வந்த எண்ணோ 220 கோடியே 10 லட்சத்து 10 ஆயிரத்து 1. முந்தின நாள் வரை 211 கோடி, அடங்கியது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வழிந்துவிட்டது. ஒரு வருஷத்தில் எண் எவ்வளவு ஏறும் என்று எங்கள் கடைக் கணக்குப்பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கோளாறுக்கு மைக்ரோசாஃப்ட்காரர்கள் அன்றைக்கே வழி சொன்னார்கள், சரிசெய்தார்கள். அதுதான் விஷயம். 2021 மார்ச் 2-ஆம் தேதி அதே எக்ஸ்சேஞ்சில் நாலு ஓட்டை இருக்கிறது, அடைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தபோது அடைக்காதவர்கள் வீட்டில் புகுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தங்கள் வீட்டுக் கதவில் என்னென்ன ஓட்டை என்று நான் தேடவில்லை. ஜனவரி 20-ஆம் தேதி, என் பெயரில் வேறு யாரோ “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று தங்களுக்கு அனுப்பிய மெயில் மட்டும் 4, 5 எதுவும் இல்லாமல் நேராக உள்ளே போய், உண்மையா என்று தங்கள் கணக்குப் பிரிவு என்னையே போனில் கேட்டது. கேட்டார்களே, அந்த மட்டில் புண்ணியம். ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. பில் கிடைத்ததா என்று ஒரு துண்டுக்காரனுக்குச் சொல்ல எத்தனை மணி நேரம் என்று அதில் போடாமல் விட்டுவிட்டார்கள்.

மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது தான்தான் என்று சொல்லும் சிவா அய்யாதுரையின் குடும்பம் எங்களுக்குப் பக்கத்தில், ராஜபாளையத்தை அடுத்த முகவூர். கணினி வரலாறு எழுதுகிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, 1971-லேயே ரே டாம்லின்சன் அனுப்பிவிட்டார் என்கிறார்கள். அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. யார் கண்டுபிடித்திருந்தாலும் போய்ச் சேரட்டும் என்றுதான் கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டிருக்கும் ஜோஹோவுக்கு மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் மாறிவிட்டதாக 2025-ல் செய்தி வந்தது. அதற்குத்தான் மாறவேண்டும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அங்கே கமிஷன் கிடையாது. 12 லட்சம் பெட்டியை இடம் மாற்ற முடிகிற நாட்டில், தங்கள் கணக்குப் பிரிவின் ஒரு பெட்டி இரண்டு சர்வருக்கும் நடுவில் தெருவில் நிற்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

இனி வியாபாரம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 13-ஆம் பிரிவை அண்ணன் மகள் படித்துக் காட்டினாள். தாங்கள் குறித்துக்கொடுத்த கணினிக்குள் மெயில் நுழைந்த நேரம்தான் தாங்கள் பெற்றுக்கொண்ட நேரம். ஆக, உள்ளே விடாத வரை தாங்கள் வாங்கவே இல்லை. வாசலில் நிற்கிறவனைக் கூப்பிடாத வரை விருந்தாளி வரவில்லை என்று சாதிப்பதுபோல. தங்கள் ஆர்டரிலும் “பில் கிடைத்ததிலிருந்து 90 நாள்” என்று இருக்கிறது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. தங்கள் சர்வர் பழுதாகவில்லை ஐயா, வேலைதான் பார்க்கிறது. பில் வந்தால் 552 சொல்லும். என் பணத்தில் பிடித்தம் செய்யும் டெபிட் நோட்டு அனுப்பும்போது ஒரு நாளும் அதற்குக் காய்ச்சல் வந்ததில்லை.

ஆனால் சட்டம் இன்னொன்றும் இருக்கிறது. சிறு, குறுந்தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாள் எண்ணுவது மெயில் வந்ததிலிருந்து அல்ல, சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து. 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புச் சொல்லாவிட்டால், இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஒப்பந்தத்தில் என்ன போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. அது பிப்ரவரி 19-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு மேல் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டியாக. 2023-ல் வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றையும் சேர்த்தார்கள். கெடு தாண்டிய தொகையை மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால் இந்த வருஷச் செலவாகத் தாங்கள் கழித்துக்கொள்ள முடியாது. சிறு, குறுந்தொழில் என்று காட்டும் என் உத்யம் சான்றிதழ் தங்களிடம் இருக்கிறது. அதைத் தாளில் வாங்கினீர்கள்.

ஜனவரி 5-ஆம் தேதி சரக்கு இறக்கியபோது தங்கள் குடோன் வாட்ச்மேன் சலானில் கையெழுத்துப் போட்டார். நீல மை, வட்ட சீல், மேலே டீ டம்ளர் வைத்த வளையம். “எண்ணிப் பாத்துட்டேன், சரியா இருக்கு” என்று நேரத்தையும் எழுதினார், 11.40. அவருக்கு எந்த அப்டேட்டும் தேவைப்படவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வெண்டர்

இணைப்பு: 1. பில், தாளில். 2. சலான் நகல். 3. சங்கரநாராயணர் கோவில் புற்றுமண், ஒரு பொட்டலம்.

பி.கு.: எந்தக் கோளாறு சொன்னாலும் தங்கள் உதவி மையம் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்கிறது. எங்கள் ஊரில் எந்த நோவுக்கும் புற்றுமண் கொடுப்பார்கள். ஒரே வைத்திய முறை என்பதால் அனுப்பியிருக்கிறேன். தண்ணீரில் குழைத்துப் பூசவேண்டும். பூசுமுன் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிடவும். வெளியூர் மெயில்களுக்கு வித்தியாசம் தெரியாது.