காஞ்சிப் பிறந்தநாளியல்: ஓர் அறிமுகம் (செப்டம்பர் 11 முதல் 17 வரை)

காஞ்சிபுரத்தில் ஒரே வாரத்தில் எத்தனை பிறந்தநாள், எத்தனை நினைவுநாள் என்பதை இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராயத் தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆகவே ஆராய்வோம்.

1. ஐயவகை. பாரதியார் 1921இல் மறைந்தது செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்த பிறகு. அரசின் மகாகவி நாள் 11. சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் 12. இரண்டு நாளும் கூட்டம் போட்டு, இரண்டு பொன்னாடை பெற்று, அறிஞர்கள் இச்சிக்கலைத் தீர்த்துவைத்துள்ளனர்.

2. ஐயமிலாவகை. அண்ணா, 1909 செப்டம்பர் 15, காஞ்சிபுரம். சர்ச்சை இல்லை; எனவே ஆய்வுக்கு உதவாது.

3. வெளியூர்வகை. எம்.எஸ். சுப்புலட்சுமி, 16, மதுரை. பெரியார், 17, ஈரோடு. ஆள் வெளியூர், ஒலிபெருக்கி உள்ளூர்.

4. பள்ளிக்கூடவகை. இவ்வாரம் பிறந்த உள்ளூர்ப் பெரியவர்களைத் தேடிப் போனேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவரும் செப்டம்பரில் பிறக்கவில்லை. சான்றிதழ்படி எல்லாரும் மே, ஜூன். ஜூனில் பள்ளி திறக்கும். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வலக்கையைத் தலைக்கு மேல் போட்டு இடக்காதைத் தொட்டால் ஐந்து முடிந்தது என்பது அன்றைய தலைமையாசிரியர் சூத்திரம். காது எட்டியதும் தேதியை அவரே போட்டுவிடுவார். (காண்க: பெட்டிக்கடைக்காரர், வாய்மொழி, சில்லறை எண்ணியபடி.)

5. பாட்டிவகை. "அத்தி வரதர் எழுந்தருளின வருஷம், புரட்டாசி பொறக்க நாலு நாள் இருக்கறப்ப, முகூர்த்தச் சேலைக்குப் பாவு பிணைச்ச அன்னிக்குப் பொறந்தவன்." (தறிக்காரப் பாட்டி, திண்ணைப் பதிப்பு, காலை. மாலைப் பதிப்பில் 'நாலு' என்பது 'மூணு' எனத் திருத்தம். மருமகள் உரை இரண்டையும் மறுக்கிறது. அவ்வுரைக்கு மாமியார் மறுப்பு அடுக்களையில் தொடர்கிறது. பிரதி எடுக்க அனுமதியில்லை.)

புரட்டாசி செப்டம்பர் 17 வாக்கில் பிறப்பதால், பாட்டி சொன்ன நாள் நம் வாரத்துக்குள் துல்லியமாக விழுகிறது. இடர் ஆண்டில்தான். வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திமரப் பெருமாளான அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்தைவிட்டு எழுந்தருளுவது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை: 1979, 2019. பையன் 1979ஆ, அதற்கு முந்தையதா? தொல்காப்பியத்தின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் இழுக்கிறவர்கள் இந்த நாற்பதைக் குறைசொல்ல முடியாது. பாட்டி முனைவர் பட்டம் வாங்கவில்லை என்பதொன்றே குறை.

முடிபு. சான்றிதழில் ஆண்டு ஏறக்குறையச் சரி, நாள் பொய். பாட்டியிடம் நாள் சரி, ஆண்டு ஆடுகிறது. உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து பிணைக்கும் கோர்வைச் சேலை போல இரண்டையும் சேர்த்தால்தான் ஒருவர் முழுதாகப் பிறப்பார். கோர்வைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும். பாட்டி திண்ணையில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.