காலனி: ஒரு சொல்லாராய்ச்சி

தில்லியில் வீடு தேடுபவரைத் தரகர் குலம், கோத்திரம் விசாரிப்பதில்லை, "எந்தக் காலனி?" என்பார். பதிலிலேயே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். இத்தகைய சொல்லை அறிஞர் உலகம் இதுவரை தரகர்களிடமே விட்டுவைத்திருந்தது முறையன்று.

மூலம் இலத்தீன். 'கொலோனுஸ்' என்றால் உழவன். ரோமானியர் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் தந்து குடியமர்த்திய ஊர்கள் 'கொலோனியா' எனப்பட்டன. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயர் வந்த வழி அதுவே. காலன் என்பதே வேர் என்று சாதிக்கும் தமிழ்ப் புலவரும் இருக்கக்கூடும். தில்லியின் நவம்பர் மாதக் காற்றைச் சுவாசித்தவர்கள் அவரை மறுக்கத் தயங்குவார்கள்.

1947இல் காலனி ஆட்சி ஒழிந்தது. தில்லியில் காலனிகள் அதன்பின்தான் பெருகின. படை அதிகாரிகளுக்கென உருவான டிஃபன்ஸ் காலனியைப் பாருங்கள்: வீரனுக்கு நிலம் என்ற ரோமானிய இலக்கணம் எழுத்துப் பிசகாமல் நிற்கிறது. ஃப்ரெண்ட்ஸ் காலனியோ கிழக்கு, மேற்கு என இரண்டாகி, போதாமல் 'நியூ' ஒன்றும் கண்டது. நட்பிலும் திசையும் வயதும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தென்வழக்கு வேறு. தமிழ்நாட்டில் இதே சொல் பட்டியலின மக்களின் குடியிருப்பைச் சுட்டி, ஏச்சாகவும் ஆனது. அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் பேரவையில் அறிவித்தார். ஊரில் ஒருவரைத் தள்ளிவைக்கப் பயன்பட்ட சொல்லை இங்கே நம்மவர் விசிட்டிங் கார்டில் பளபளவென்று அச்சடிக்கிறார்கள்.

இனி வகைப்பாடு. அங்கீகாரமற்ற காலனி என்று ஒன்று உண்டு. 'முறைப்படுத்தப்பட்ட அங்கீகாரமற்ற காலனி' என்று இன்னொன்றும் அரசுப் பட்டியலில் உண்டு; நம் இலக்கணிகள் யாரும் இத்தகைய அடைமொழியைக் கனவிலும் கண்டதில்லை. 2019இல் நாடாளுமன்றச் சட்டம் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளின் குடியிருப்போருக்குச் சொத்துரிமை பெற வழி திறந்தது. செல்வந்தர்கள் வாழும் சில விடுபட்டன. அவற்றில் ஒன்று தெற்கு தில்லியின் சைனிக் ஃபார்ம்ஸ்.

பெயரைப் பிரித்தால் முதற்பாதி படைவீரன், மறுபாதி விளைநிலம். வேர்ச்சொல்லின் இரு பொருளும் ஒருசேரப் பொருந்தும் இடம் தில்லியில் அது ஒன்றே. பெயரில் காலனி இல்லை, அங்கீகாரமும் இல்லை.