கூலிம் ‘மூன்று’: ஓர் ஒலியியல் ஆராய்ச்சி

நோக்கம்: ஆங்கிலம் நாட்டுக்கு நாடு ஒலி மாறுவதை ஆராய லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போன அறிஞர் பலர், கெடா மாநிலத்துக் கூலிமுக்கு வந்தவர் இலர். அக்குறையைக் களைவதே இவ்வாய்வு.

களம்: மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் இங்கே திறக்கப்பட்டது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். உள்ளே அமெரிக்காவின் இன்டெல், ஜெர்மனியின் இன்ஃபினியன், ஜப்பானின் ஃபூஜி எலக்ட்ரிக், ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ். பாடாங் செராய், லூனாஸ் பக்கமிருந்து பாக்டரி பஸ் ஏறி வரும் நம் பிள்ளைகளின் காதில் இத்தனை நாட்டு ஆங்கிலமும் விழுகிறது.

கண்டவை:

அ) மூன்று. இவ்வெண்ணை ஆங்கிலத்தில் முறைப்படி ஒலிக்க நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டவேண்டும். பெரியவர் முன் நாக்கு நீட்டலாகாது என்றோ என்னவோ, உலகில் பெரும்பாலோர் இதைத் தவிர்ப்பர். ஜெர்மானியர், ஜப்பானியர் வாயில் அது ‘ஸ்ரீ’ எனத் தெய்வத்தன்மை பெறும். தமிழர் ‘த்ரீ’ என்பர். மலேசியர் ‘ட்ரீ’ என மரமாக்குவர். இது பிழையன்று: பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானிகள் வானொலியில் ‘ட்ரீ’ என்றே சொல்லவேண்டும் என விதித்துள்ளது. வானத்தில் செல்லுபடியாகும் உச்சரிப்பு நேர்முகத் தேர்வில் செல்லாதது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆ) சோல்டர். ஈயப்பற்று வைக்கும் இச்சொல்லின் லகரத்தை அமெரிக்கர் விழுங்கிச் ‘சாடர்’ என்பர்.

இ) ஆங்கிலக் கடைசி எழுத்து. பிரிட்டிஷ் வழியில் ‘ஸெட்’. அமெரிக்க வழியில் ‘ஸீ’. லாட் நம்பரில் ‘ஸீ’ வந்தால் அது மூன்றாம் எழுத்தா, கடைசி எழுத்தா எனக் கேட்டுத் தெளிக.

ஈ) தொல்காப்பியர் பிறப்பியலில் ஒலி பிறக்கும் இடங்களை எட்டாக வகுத்தார். தூசி புகாத அறையில் ஒன்பதாவதாக முகக்கவசமும் சேரும்.

சான்று: ஷிப்ட் மாறும் நேர உரையாடல்.

“அண்ணே, ‘ஸ்ரீ சாடர் பாயின்ட்’னு சொல்லிட்டுப் போறாரு. என்னாண்ணே அது?”

“மூணு எடத்துல சோல்டர் சரியில்லயாம். போய்ப் பாருடா தம்பி.”

முடிபு: ஜெர்மானியர் சொல்வதில் பாதி அமெரிக்கருக்கு எட்டாது, அமெரிக்கர் சொல்வது ஜப்பானியருக்கு எட்டாது. அந்த அண்ணனுக்கோ மூவர் பேச்சும் எட்டும். எனினும் ‘உச்சரிப்பைச் சரிசெய்’ என்று பயிற்சிக்கு அனுப்பப்படுபவர் அவரே. சம்பளம் ஏற ஏறக் காது மந்தமாகும் என்பது இதனால் பெறப்படும். ஆங்கிலத் தேர்வை வாய்க்கு வைப்பது போல் காதுக்கும் வைத்தால், தேறாதவர் பட்டியல் மேல்மாடியிலிருந்தே தொடங்கும்.

மேலாய்வுக்கு உரியது: ‘அலுமினியம்’. அதற்கு 1812இல் ‘அலுமினம்’ என்று பெயர் எழுதிய ஹம்ப்ரி டேவி ஆங்கிலேயர்; இன்றும் அப்படியே சொல்பவர் அமெரிக்கர்; அதைத் தவறு என்பவர் ஆங்கிலேயர். இவ்வழக்கை நைட் ஷிப்ட் ஆய்வாளர் தீர்ப்பாராக.