மார்கழியில் கிளம்பாமை: மணவாள நகர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

மார்கழி விடியலில் மணவாள நகரில் மூன்று ஒலிகள் கேட்கும். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, கம்பெனி பஸ்ஸின் ஹாரன், செல்ப் சுற்றிச் சுற்றியும் கிளம்பாத ஒரு காரின் முனகல். முதலாவதற்கு உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக உரை எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி எழுத யாருக்கும் நேரமில்லை, பஸ் போய்விடும். மூன்றாவதைப் புலமையுலகம் இதுவரை தொடவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப்பொருள், எங்கள் தெருக்கோடியில் நிற்கும் சிவப்பு நிற மிட்சுபிஷி செடியா. 2.0 லிட்டர் பெட்ரோல் என்ஜின். நான்கு கதவு உள்ளது எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. பின்னால் றெக்கை இருக்கிறது, தேசிய ராலிகளில் ஓடிய வம்சம், கிளம்பினால் தெருவே எழுந்துவிடும். இதற்குமேல் தகுதி கேட்பது அற்பத்தனம். வேகத்துக்கு எங்கள் திருவள்ளூர் மாவட்டம் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில்தான், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை 1990இல் வரும்வரை, தமிழ்நாட்டின் பெரிய கார் பந்தயங்கள் நடந்தன. போதாக்குறைக்கு, இந்தக் கார் உள்ளூர்ப் பிள்ளை. பக்கத்திலிருக்கும் இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் 1998இல் லான்சரும் 2006இல் செடியாவும் வெளிவந்தன. அங்கே இப்போது சிட்ரோன் கார்கள் தயாராகின்றன. ஆகவே ‘ஊர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இந்தக் கார் சாக்குச் சொல்ல முடியாது.

“பனி ஜாஸ்தி தம்பி, அதான்” என்பது உரிமையாளரான அண்ணனின் கருதுகோள். இதைச் சோதித்தாக வேண்டும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் 1895 டிசம்பர் 11, 1905 ஜனவரி 29 ஆகிய நாட்களில். நம் மார்கழி பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நின்றுகொள்கிறது. என்ஜின் ஆயில் டப்பாவில் 20டபிள்யூ என்று போட்டிருந்தால், அந்த ஆயிலைக் குளிரில் சுழற்றிச் சோதிக்கும் வெப்பநிலை மைனஸ் 15. மணவாள நகரில் மஃப்ளர் கட்டுவது மனிதர்களின் உரிமை. பிஸ்டனுக்கு அது தேவையில்லை.

டீக்கடைச் சிந்தனை இவ்விஷயத்தில் மூன்று மரபுகளாகப் பிரிகிறது. எலுமிச்சை மரபினர் சக்கரத்தடியில் பழம் வைக்கிறார்கள். கார் நகராததால் பழமும் நசுங்குவதில்லை. மிதி மரபினர், ஆக்சிலரேட்டரை அடியோடு அழுத்திக்கொண்டு சாவியைத் திருகச் சொல்கிறார்கள். அம்பாசடரின் கார்புரேட்டர் காலத்தில் அது சரியான வித்தை. இன்ஜெக்‌ஷன் என்ஜினில் அப்படி முழுக்க மிதித்தால், ‘பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிட்டது போலும்’ என்று எண்ணி, பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இருக்கிற பெட்ரோலையும் நிறுத்திவிடும். தள்ளு மரபினரே எண்ணிக்கையில் அதிகம். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப்பும் ஓடாது, கம்ப்யூட்டரும் விழிக்காது என்பதால், ரயில்வே ஸ்டேஷன் வரை தள்ளினாலும் மிஞ்சுவது உடற்பயிற்சி மட்டுமே.

கடைசியில் மல்டிமீட்டர் வந்தது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்; இது 12.1 காட்டியது. செல்ப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இது எட்டுக்கே இறங்கியது. குற்றவாளி அகப்பட்டான். ஆனால் குற்றம் எப்போது நடந்தது? இதுதான் இவ்வாய்வின் சாரம். ஈய-அமில பேட்டரிக்கு எமன் குளிர் அல்ல, வெயில். வெப்பம் ஏறத்தாழ பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. கத்திரி வெயிலில், கொதிக்கும் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே தகடுகள் அரிக்கப்பட்டுவிடுகின்றன. கொலை மே மாதம் நடக்கிறது, பிணம் டிசம்பரில் கண்டெடுக்கப்படுகிறது. பனியின் மேல் பழி.

உடந்தைகளும் உண்டு. அண்ணன் காரை எடுப்பது விசேஷ நாட்களில் மட்டும். நிற்கும் காரில் நீல விளக்கு மின்னும் மியூசிக் சிஸ்டமும் அலாரமும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சினாலே நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 36. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45.

பேட்டரி நன்றாயிருந்து, செல்ப் துடிப்பாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் வழக்கு வேறு. சாவியை ஆன் செய்து பம்ப்பின் ரீங்காரம் அடங்கியபின் அணைத்து, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் கிளம்பினால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். கூலன்ட் சென்சார் பொய் சொல்வதும் நடக்கும். 20 டிகிரியில் அதன் மின்தடை இரண்டரை கிலோ-ஓம் அளவில் இருக்க வேண்டும். சில நூறு ஓம் காட்டினால், என்ஜின் ஏற்கெனவே சூடு என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஆவியாவதற்கு அது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கேட்கும் என்பதால், தேய்ந்த பிளக் உள்ள காருக்கு அதுவும் சின்ன இடைஞ்சல்தான். எலி வயரைக் கடித்திருந்தால் மீட்டரே வேண்டாம், பானெட்டைத் திறந்தால் புழுக்கையே சாட்சி.

இறுதியாக, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். கத்திரி முடிந்த கையோடு பேட்டரியைக் கடையில் கொடுத்து லோட் டெஸ்ட் பார்த்துவிடுங்கள். மார்கழி விடியலில் தள்ளுவதற்கு என்னை எழுப்பாதீர்கள், எனக்கும் கம்பெனி பஸ் இருக்கிறது.